ஊக்க மருந்தும் நாடாளுமன்ற விசாரணையும்

1998-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க மக்களின் பேச்செல்லாம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியே இருந்தது. நம் நாட்டில் கிரிக்கெட் எப்படியோ, அப்படி அங்கே பேஸ்பால். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கு வெளியே பறந்து விழுந்தால் ஆறு ஓட்டங்கள் கிடைக்கும். பேஸ்பாலில் அதையொத்த அடிக்கு ஹோம்ரன் என்று பெயர். 1961-இல் ரோஜர் மாரிஸ் ஒரே பருவத்தில் 61 ஹோம்ரன்கள் அடித்தார். அந்தச் சாதனை 37 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1998-இல் மார்க் மெக்குவயர் 70, சாமி சோசா 66 என இருவர் ஒரே பருவத்தில் அதைத் தாண்டினர். 2001-இல் பாரி பாண்ட்ஸ் 73 அடித்து அதையும் விஞ்சினார்.

மெக்குவயர் அடித்துக் குவித்துக் கொண்டிருந்த நாட்களிலேயே அவருடைய பெட்டியில் ஒரு குப்பி இருப்பதைச் செய்தியாளர் ஒருவர் கண்டு எழுதினார். அதில் இருந்தது ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்னும் பொருள். உடலுக்குள் சென்றால் ஆண்பால் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடியது அது. ஒலிம்பிக் போட்டிகளில் அதற்குத் தடை இருந்தது. பேஸ்பாலில் தடை இல்லை. அன்றைக்கு அமெரிக்கக் கடைகளில் அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஏழாண்டுகள் கழித்து, 2005-இல், அமெரிக்க நாடாளுமன்றம் பேஸ்பால் வீரர்கள் சிலரை அழைத்து விசாரித்தது. நாட்டுக்குச் சட்டம் இயற்றுவோர் விளையாட்டு வீரர்களின் மருந்துப் பழக்கத்தை விசாரிப்பது முறைதானா? இக்கேள்விக்கு விடை காண, முதலில் அந்த மருந்தைப் பற்றியும் அதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றியும் தெரிந்து கொள்ள வேண்டும்.

தசையை வளர்க்கும் பொருள்

டெஸ்டோஸ்டிரோன் நம் உடலிலேயே சுரக்கும் பொருள். 1935-இல் விஞ்ஞானிகள் இதைத் தனியே பிரித்தெடுத்தனர்; அதே ஆண்டில் செயற்கையாகவும் உருவாக்கினர். இது தசைச் செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ஏற்பி என்னும் புரதத்துடன் இணைகிறது. பிறகு செல்லின் உட்கருவை அடைந்து, சில மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. அதன் விளைவாகச் செல் கூடுதலாகப் புரதம் தயாரிக்கிறது. தசை பருக்கிறது. இவ்வாறு தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும், அதைப் போலச் செய்யப்பட்ட செயற்கைப் பொருள்களுக்கும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் என்று பெயர். ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் மருத்துவர் தரும் ஸ்டீராய்டுகள் வேறு வகை; இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

ஹார்மோன் குறைபாடு உள்ளவர்களுக்கும், நோயால் தசை மெலிந்தவர்களுக்கும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் மருந்தாகப் பயன்படுகின்றன. நல்ல உடல்நலம் உள்ளவர் பேரளவில் எடுத்துக் கொள்ளும்போதுதான் கேடு தொடங்குகிறது.

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். நீர் குறிப்பிட்ட மட்டத்தை எட்டியதும் மிதவை எழும்பிக் குழாயை அடைத்துவிடும். யாரேனும் வெளியிலிருந்து குடம் குடமாக நீரை ஊற்றினாலும் மிதவை எழும்பத்தான் செய்யும். குழாய் அடைபட்டே கிடக்கும். உடலிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. இரத்தத்தில் ஹார்மோன் மிகுந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியும் பிட்யூட்டரி சுரப்பியும் தம் கட்டளையை நிறுத்திவிடுகின்றன. விந்தகம் தன் வேலையைக் குறைத்துச் சுருங்கத் தொடங்குகிறது. மருந்தை நிறுத்திய பிறகும் இயல்பான சுரப்பு உடனே திரும்புவதில்லை. அக்காலத்தில் கடும் மனச்சோர்வு ஏற்படக்கூடும். இரத்தத்தில் நல்ல கொழுப்பு குறைவதும், இதயச் சுவர் தடிப்பதும், கல்லீரல் கெடுவதும் வேறு தீமைகள்.

உங்கள் வயதினருக்கு இன்னொரு கேடும் காத்திருக்கிறது. கை கால் எலும்புகளின் நுனிக்கருகே வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. நாம் உயரமாக வளர்வது இதனால்தான். ஸ்டீராய்டு இந்த வளர்தட்டை உரிய காலத்துக்கு முன்பே எலும்பாக்கி மூடிவிடும். மூடியது மீண்டும் திறக்காது. வலிமை வேண்டி மருந்து உண்ட சிறுவன் தன் உயரத்தை இழக்கிறான்.

சோதனைக்கூடத்தின் எல்லை

"சிறுநீரைச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடுமே, விசாரணை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். சோதனை முறைகள் மிக நுட்பமானவை என்பது உண்மையே. சிறுநீரில் உள்ள பொருள்களை வாயு நிலையில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூறையும் உடைத்து, துண்டுகளின் நிறையை அளந்து, இன்ன பொருள் என்று கருவி காட்டிவிடும்.

ஆனால் எதைத் தேடுகிறோம் என்று நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2003-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்துக்குப் பயன்படுத்திய ஊசிக்குழல் ஒன்று வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஒரு தடகளப் பயிற்சியாளர். லாஸ் ஏஞ்சல்ஸில் டான் கேட்லின் என்னும் விஞ்ஞானியின் குழுவினர் அதில் ஒட்டியிருந்த துளியை ஆராய்ந்தனர். அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத புதிய ஸ்டீராய்டு அது! டி.எச்.ஜி. என்று அதற்குப் பெயரிட்டனர். சோதனையில் சிக்காதிருப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட பொருள் அது. அதைப் பயன்படுத்திய வீரர்கள் அதுவரை சோதனைகளில் தூயவர்களாகவே தோன்றினர்.

இன்னொரு தந்திரத்தையும் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் எல்லாருடைய சிறுநீரிலும் இருப்பதால், அது இருப்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே எபிடெஸ்டோஸ்டிரோன் என்னும் மற்றொரு பொருளுடன் அதை ஒப்பிடுவார்கள். இயல்பாக இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கும். 2004 வரை ஆறு மடங்கும், 2005 முதல் நான்கு மடங்கும் ஐயத்துக்குரிய எல்லையாகக் கொள்ளப்பட்டன. மருந்து தயாரித்தவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு பொருள்களையும் கலந்தே ஒரு களிம்பு செய்தார்கள். விகிதம் மாறவில்லை, கருவி ஏமாந்தது.

1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் நடந்ததும் இத்தகையதே. கனடா நாட்டின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். சிறுநீரில் ஸ்டனோசலால் என்னும் ஸ்டீராய்டு இருந்ததால் பதக்கம் பறிக்கப்பட்டது. கனடா அரசு இத்துடன் விட்டுவிடவில்லை. நீதிபதி சார்லஸ் டியூபின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. 1989-இல் ஆணையத்தின் முன் உறுதிமொழி எடுத்துப் பேசிய ஜான்சன், 1981 முதலே ஸ்டீராய்டு எடுத்து வந்ததாக ஒப்புக் கொண்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எத்தனையோ சோதனைகளில் தேறியிருந்தார்! போட்டி நாளில் மட்டும் சோதிப்பது போதாது, பயிற்சிக் காலத்தில் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும் என்று ஆணையம் வற்புறுத்தியது. குப்பியில் என்ன இருக்கிறது என்பதைச் சோதனைக்கூடம் சொல்லும். யார் கொடுத்தார், யார் தெரிந்தும் பேசாதிருந்தார் என்பதைச் சொல்லாது.

2005 மார்ச் 17

மீண்டும் பேஸ்பாலுக்கு வருவோம். அனபாலிக் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி வைத்திருப்பது அமெரிக்காவில் 1991 முதல் குற்றம். பேஸ்பால் ஆணையரும் அதே ஆண்டில் அவற்றுக்குத் தடை என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் சோதனையே கிடையாது! வீரர்களின் தொழிற்சங்கம் சோதனைக்கு இணங்கவில்லை. அணி முதலாளிகளும் அவசரப்படவில்லை. ஹோம்ரன்கள் பெருகப் பெருக, பார்க்க வரும் கூட்டமும் பெருகியது அல்லவா? பெயர் குறிக்காமல் 2003-இல் நடத்திய முதல் சோதனையிலேயே நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு மாதிரிகளில் மருந்து இருந்தது.

இந்நிலையில்தான் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையின் அரசுச் சீர்திருத்தக் குழு தலையிட்டது. முதல் முறை பிடிபடும் வீரருக்குப் பத்து நாள் ஆடத் தடை என்று பேஸ்பால் நிர்வாகம் மக்களிடம் அறிவித்திருந்தது. குழு ஒப்பந்த ஆவணத்தை வரவழைத்துப் படித்துப் பார்த்தது. தடைக்குப் பதில் அபராதம் கட்டிவிட்டுத் தொடர்ந்து ஆடவும் அதில் இடம் இருந்தது!

மார்ச் 17 அன்று நடந்த விசாரணையில், ஸ்டீராய்டு எடுத்துப் பின் தற்கொலை செய்து கொண்ட இளம் ஆட்டக்காரர்களின் பெற்றோர் முதலில் சாட்சி சொன்னார்கள். பிறகு வீரர்கள் வந்தனர். மெக்குவயர் பழைய கதையைப் பேச மறுத்தார். ரஃபேல் பால்மீரோ என்பவர் விரலை நீட்டி, தாம் ஒருபோதும் ஸ்டீராய்டு எடுத்ததில்லை என்றார். அவர் சோதனையில் சிக்கியது அந்த ஆகஸ்டு மாதமே வெளியானது. தாம் அறிந்து எடுக்கவில்லை என்பது அவர் சொன்ன விளக்கம். மெக்குவயர் 2010-இல் தாம் எடுத்ததை ஒப்புக் கொண்டார்.

விசாரணை நடந்து எட்டே மாதங்களில், 2005 நவம்பரில், விதிகள் மாறின. முதல் தவறுக்கு 50 ஆட்டங்கள், இரண்டாவதற்கு 100 ஆட்டங்கள், மூன்றாவதற்கு வாழ்நாள் தடை. பதினான்கு ஆண்டுகளாக நடக்காதது எட்டு மாதங்களில் நடந்தது.

மறுப்பவர்களின் வாதம்

விசாரணை கூடாது என்போரின் வாதங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். தொழில்முறை விளையாட்டு தனியார் தொழில். விதிகளை முதலாளிகளும் வீரர்களும் பேசி முடிவு செய்யட்டும் என்பது ஒன்று. நாடாளுமன்றத்துக்கு இதைவிடப் பெரிய பணிகள் உண்டு என்பது மற்றொன்று. மூன்றாவது வாதமே வலுவானது: குற்றவாளி யார் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, நிழற்படக் கருவிகளுக்கு முன் அமர்ந்துள்ள உறுப்பினர்களின் வேலையன்று.

2008-இல் நடந்த நிகழ்ச்சி மூன்றாவது வாதத்துக்குச் சான்று. அவ்வாண்டு பிப்ரவரியில் ரோஜர் கிளெமன்ஸ் என்னும் புகழ்பெற்ற பந்து வீச்சாளரும் அவருடைய முன்னாள் பயிற்சியாளரும் குழுவின் முன் அமர்ந்தனர். ஊசி போட்டேன் என்றார் ஒருவர். இல்லை என்றார் மற்றவர். உறுப்பினர்கள் பெரும்பாலும் கட்சி வாரியாகப் பிரிந்து, ஆளுக்கொருவரை வறுத்தெடுத்தனர். நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதாகக் கிளெமன்ஸ் மீது 2010-இல் வழக்குத் தொடரப்பட்டது. 2012-இல் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவர் விடுதலை பெற்றார். இந்த விசாரணையால் விதி எதுவும் திருந்தவில்லை. ஒரு மனிதரைச் சுற்றியே எல்லாம் முடிந்தது.

என்ன முடிவுக்கு வரலாம்?

2005, 2008 ஆகிய இரண்டு விசாரணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது, விதி ஏன் ஓட்டையாக இருக்கிறது, காவல் காக்க வேண்டியவர் ஏன் உறங்கினார் என்று கேட்டது. அதற்குப் பலன் கிடைத்தது. இரண்டாவது, இவர் எடுத்தாரா இல்லையா என்று கேட்டது. அக்கேள்விக்கு விடை காணும் கருவி நாடாளுமன்றத்திடம் இல்லை. சோதனைக்கூடத்திடமும் நீதிமன்றத்திடமும்தான் இருக்கிறது.

ஆகவே சட்டம் இயற்றுவோர் விசாரிக்கலாம். சில வேளைகளில் விசாரித்தே ஆக வேண்டும். ஆவணங்களை வரவழைக்கவும், உறுதிமொழியின் பேரில் பதில் கேட்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 2007-இல் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் பேஸ்பால் நிர்வாகத்தின் சார்பில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவருக்கு அத்தகைய அதிகாரம் இல்லாததால் அழைக்கப்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் பேசவே மறுத்துவிட்டனர். ஆனால் விசாரணை அமைப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆளைப் பற்றியதாக மாறினால் அது வேடிக்கைக் காட்சியாகிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அணிகளும் வீரர்களும் தங்களுக்குள் செய்து கொண்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத ஒரு தரப்பு உண்டு. வீரனைப் பார்த்து அவனைப் போல ஆக நினைக்கும் பள்ளி மாணவர்களே அவர்கள். அவர்கள் சார்பில் கேள்வி கேட்க, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

சிந்தித்து விடை காண்க

1. மருத்துவர் சீட்டின்றி ஒருமுறையேனும் ஸ்டீராய்டு எடுத்ததாகச் சொன்ன அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், அரசு நடத்திய கணக்கெடுப்பில், 2003-இல் நூற்றுக்கு 6.1 பேர், 2013-இல் 3.2 பேர். இந்தக் குறைவுக்கு 2005 விசாரணைதான் காரணம் என்று சொல்லலாமா? அப்படிச் சொல்ல வேறு என்னென்ன செய்திகள் தெரிய வேண்டும்?

2. கணக்கெடுப்பில் வெறுமனே 'ஸ்டீராய்டு' என்று மட்டும் கேட்டால் விடையில் என்ன பிழை நேரலாம்?

3. முன்னறிவித்துச் செய்யும் சோதனைக்கும் அறிவிக்காமல் செய்யும் சோதனைக்கும் பலனில் ஏன் வேறுபாடு வருகிறது?