நாலு ஊசிக்கு நடுவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

லேபர் ரூம் கேட்டாய், பிரசவத்துக்கு முந்தைய வார்டில் டியூட்டி போட்டுவிட்டார்கள். பி.பி. பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் தவிர அங்கே என்ன இருக்கிறது அக்கா என்று போனில் சலித்துக்கொண்டாய். 30 வருஷ நர்ஸ் வேலையில் பாதிக்கு மேல் அந்த வார்டில் கழித்தவள் நான். கொஞ்சம் கேள்.

29 வாரத்தில் வலி என்று ஒருத்தி வருவாள். டாக்டர் டெக்ஸாமெத்தசோன் ஊசி எழுதுவார்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. கூடவே வலியை அடக்க நிஃபெடிபின். அந்த மாத்திரையால் பிரசவத்தை ஒரு மாதம் தள்ளிப்போட முடியாது. ஊசி வேலை செய்ய இரண்டு நாள் அவகாசம் கிடைத்தாலே பெரிது. அந்த இரண்டு நாளில்தான் குழந்தையின் நுரையீரல் பக்குவப்படுகிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளை வைத்து வேறெதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த ஊசி வகை மருந்து செலுத்தப்பட்ட குறைமாதக் குட்டி, பிழைக்க வழியில்லாத நாளில் பிறந்தும் மூச்சுவிட்டது. 1972இல் ஹோவி என்பவரோடு சேர்ந்து, தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்.

இதெல்லாம் உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். வலியோடு வந்தவளுக்கு யார் சொன்னார்கள்? இடுப்பில் ஊசி குத்துகிறார்கள், எதற்கென்று தெரியாது. பக்கத்துக் கட்டில்காரியை ராத்திரி தள்ளிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அவள் பிள்ளை பெற்று மாடி வார்டில் இருப்பதை யாரும் இவளிடம் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணிடம் "ஆடாம அசையாம படுத்துக் கெட" என்று அதட்டிவிட்டுப் போனேன். விடிகாலையில் வயிற்றில் கை வைத்தால் அடிவயிறு பானை மாதிரி உப்பி நிற்கிறது. ராத்திரி முழுக்க ஒண்ணுக்குப் போகவில்லை. "எந்திரிச்சா புள்ள நழுவிரும்னு பயமா இருந்துச்சு சிஸ்டர்" என்றாள். அழுகையையும் அடக்கிக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள், வயிறு குலுங்குமாம். படுத்தே கிடந்தால் குறைமாதப் பிரசவம் நிற்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரியாததைத்தான் அவ்வளவு அதிகாரமாகச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் கணக்குச் சொல்: இது ரெண்டாவது, அடுத்தது சாயங்காலம் ஆறு மணிக்கு, இது உன் பிள்ளையின் மூச்சுக்கு. குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் ஏற்றச் சொன்னால், "உடம்பெல்லாம் தீயாட்டம் காந்தும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும்" என்று முன்னாடியே சொல்லிவிடு. சொல்லாமல் ஏற்றினால் சாகப்போகிறோம் என்றே நினைப்பார்கள். பனிக்குடம் உடைந்தவளை ஆளாளுக்குக் கைவிட்டுப் பார்க்க விடாதே, கிருமி ஏறும். துணியின் நிறத்தையும் நாற்றத்தையும் நீயே பார்.

ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிரித்துவிடாதே. 30 வாரத்தில் ஒரு மாமியார், "எட்டு பொறக்கறதுக்குள்ள எடுத்துரச் சொல்லும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வாரம் கூடக் கூட நல்லதுதான், எட்டுக்கென்று தனிக் கணக்கு கிடையாது என்று பொறுமையாகச் சொன்னேன். நம்பினாரோ என்னவோ, பிள்ளையை எடுத்துவிடச் சொல்லி நச்சரிப்பதை நிறுத்தினார். எனக்கு அது போதும்.

வலி அடங்கியிருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவளைச் சக்கர நாற்காலியில் பச்சிளங்குழந்தைப் பிரிவு வரைக்கும் கூட்டிப் போய்க் காட்டு. நான் ஒருத்தியைக் கூட்டிப் போனேன். உள்ளே ஒரு தாய் சட்டைக்குள் பிள்ளையை நெஞ்சோடு கட்டி உட்கார்ந்திருந்தாள். 1978இல் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்த கங்காரு முறை அது. இவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பெட்டியையோ குழாயையோ பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தலை எவ்ளோ பெருசு இருக்கும் சிஸ்டர்? குல்லா பின்னணும்."

அவள் கட்டிலுக்குத் திரும்பியதும், பையில் இருந்த சாத்துக்குடிகளில் பெரிதாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதற்கு நூலைச் சுற்றி அளவெடுத்தாள்.

அன்புடன்,
அக்கா