காவியும் வெள்ளையும் கம்பெனிச் சட்டையும்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் அறைக்கு வந்து, சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, கூட இருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே போனைச் சுவரில் சாய்த்து வைத்து 'டவுன்டன் ஆபி' பார்க்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். "அந்த வெள்ளைக்கார மாளிகைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் அண்ணா? தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஏன் பார்க்கிறோம்?" என்று கேட்டிருக்கிறாய். அடுத்த பாராவில், பூந்தமல்லிப் பக்கம் செட் போட்டு எடுக்கப்போகும் ஒரு சரித்திரத் தொடரில் உதவி காஸ்ட்யூமராக அழைத்திருக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு போ. அது தெரியாமல் போனால் வெறும் துணி மூட்டை தூக்குகிறவளாகத்தான் இருப்பாய்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு இது பழைய பழக்கம். 1967இல் பிபிசி 'ஃபோர்சைட் சாகா'வை 26 பகுதிகளாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. ஞாயிறு மாலை அது ஓடுகிற நேரத்தில் சர்ச்சுக்கு ஆள் வராததால் பாதிரியார்கள் வழிபாட்டு நேரத்தையே மாற்றி வைத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். 1995இல் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆறே பகுதிகளில் வந்து நாட்டையே உட்கார வைத்தது. நீங்கள் பார்க்கும் டவுன்டன் 2010இலிருந்து 2015 வரை ஓடியது. மொத்தம் 52 எபிசோடு. நம் ஊர் தினசரித் தொடர் இரண்டு, இரண்டரை மாதத்தில் அத்தனையையும் தீர்த்துவிடும்.

மாளிகை, நகை, குதிரை வண்டி, புல்வெளி எல்லாம் அழகுதான். ஆனால் அழகுக்காக மட்டும் யாரும் 52 எபிசோடு பார்ப்பதில்லை. அந்தத் தொடர்களில் ஒவ்வொரு ஆளின் உடம்பு மேலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் எந்த வாசல் வழியாக வரவேண்டும், மூத்த மகளாகப் பிறந்தாலும் சொத்து ஏன் அவளுக்கு வராது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டவை. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஒருத்தி ஆசைப்படுகிறாள். அதுதான் கதை. உடை அந்தக் கட்டுப்பாட்டைக் கண்ணுக்குக் காட்டுகிறது. டவுன்டனில் டிரைவராக இருந்து வீட்டு மருமகனான பிரான்சனை நினைத்துப் பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வால் வைத்த கோட்டு போட்டு வரவேண்டும் என்பது வீட்டு வழக்கம். அவன் போட மறுக்கிறான். சண்டை கோட்டைப் பற்றியதா? அவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதைப் பற்றியது. அது உனக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.

ஏன் புரிந்தது தெரியுமா? நீ வேலை செய்யும் இடத்தில் தினமும் அதைப் படிக்கிறாய். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பல ஆலைகளில் பெர்மனென்ட் ஆளுக்கு ஒரு நிறச் சட்டை, டிரெய்னிக்கு ஒரு நிறம், கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு நிறம். கழுத்தில் தொங்கும் டேக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே கேன்டீனில் யார் யாரோடு உட்காருவார் என்று சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கூட 'கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?' என்றுதான் முதலில் கேட்கிறார். சட்டையின் நிறத்தில் சம்பளத்தையும் மரியாதையையும் நாளைய நிச்சயத்தையும் படிக்கத் தெரிந்த உங்களைவிட நல்ல பார்வையாளர் அந்தத் தொடருக்கு லண்டனிலேயே கிடைப்பது கஷ்டம்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். நீ பஸ்ஸில் போய்வரும் அந்த ஒரே சாலையில் ஒரு சரித்திர நாடகமே கிடக்கிறது. பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பி பிறந்தார். ஸ்ரீபெரும்புதூரில், மரபுக் கணக்குப்படி 1017இல், இராமானுஜர் பிறந்தார். காஞ்சிபுரத்தில் இருவரும் சந்தித்தார்கள். நம்பி பிராமணர் இல்லை. அவரைக் குருவாக நினைத்து, வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்று இராமானுஜர் ஆசைப்பட்டார். இராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். மனைவி இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு, கணவருக்குத் தனியாகச் சமைக்கிறார். திரும்பி வந்த இராமானுஜர் ஈரத் தரையைப் பார்க்கிறார். வைணவ குருபரம்பரைக் கதைகளில் இது பிரசித்தம். அந்தக் காட்சியில் வாளும் இல்லை, கிரீடமும் இல்லை. ஓர் இலை, சாணி மெழுகிய தரை, ஈரப்புடவை. ஒரு சமூகத்தின் சட்டப் புத்தகம் முழுக்க அந்தத் தரையில் இருக்கிறது. அந்த அம்மாளைக் கெட்டவளாகக் காட்டிவிட்டால் காட்சி செத்துவிடும். அவர் தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்தார். அதனால்தான் மனது கனக்கிறது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. சோழ மன்னனின் ஆட்கள் இராமானுஜரைத் தேடி ஸ்ரீரங்கம் வந்தபோது, காஞ்சிக்குப் பக்கத்துக் கூரத்தைச் சேர்ந்த சீடர் கூரத்தாழ்வான் குருவின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு, திரிதண்டத்தையும் ஏந்தி அரசவைக்குப் போகிறார். இராமானுஜர் வெள்ளை உடுத்தி மேற்கே, கர்நாடகத்து மேல்கோட்டைப் பக்கம் போய்விடுகிறார். போன சீடருக்குக் கண் போயிற்று என்று மரபு சொல்கிறது. இரண்டு பேர் துணி மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. அதற்குக் கொடுத்த விலை இரண்டு கண்கள். காஸ்ட்யூம்தான் இங்கே கதை. இன்றைக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரைத் திருவாதிரையை ஒட்டிய உற்சவத்தில் காவி உடுத்தும் உடையவருக்கு, அதாவது இராமானுஜருக்கு, வெள்ளை சாத்துப்படி நடக்கிறது. ஒருமுறை ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போய்ப் பார். துணியின் நிறம் மாறியதுமே கூட்டத்தில் இருக்கும் பாட்டிகளுக்குக் கதை முழுவதும் நினைவுக்கு வந்துவிடும். வசனம் தேவைப்படாது.

இந்தக் கதையை 2015இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடராகக் கொண்டுவந்தார்கள். எழுதியவர் மு. கருணாநிதி. தொண்ணூறைத் தாண்டிய வயதில், கடவுள் மறுப்பாளரான ஒருவர், ஆச்சாரியரின் வாழ்க்கையை ஏன் எடுத்தார்? மதத்துக்குள் ஒருவர் கட்டுப்பாட்டை உடைத்த கதை என்பதால்தான் எடுத்தார். சரித்திரத் தொடர் வெற்றிபெற வேண்டுமானால் உடைக்க ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று அந்தப் பழுத்த நாடகக்காரருக்குத் தெரிந்திருந்தது.

தொழில் புத்தி சில சொல்கிறேன். இன்று கல்யாணத்தில் கட்டும் அகலக் கரை ஜரிகைப் பட்டையும் தைத்த ரவிக்கையையும் அப்படியே 11ஆம் நூற்றாண்டுக்கு ஏற்றாதே. சோழர் கால உடை எப்படி இருந்தது என்று செப்புத் திருமேனிகளிடம் கேள். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களைப் படத்திலாவது பார். இடுப்புத் துணி எப்படி மடிகிறது, எங்கே முடிச்சு, ஆடுகிற பெண்ணுக்கும் கும்பிடுகிற பெண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று நோட்டில் வரைந்து வை. சேனல்காரர்கள் ரவிக்கை இல்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சரி, விட்டுக்கொடு. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடு.

பாலியெஸ்டரைத் தொடாதே. எல்இடி விளக்கில் அது பளபளக்கும், கேமரா காட்டிக்கொடுத்துவிடும். கெட்டியான கைத்தறிப் பருத்தி எடு. வெள்ளை வெளேரென்று இருந்தால் டீ டிகாஷனில் முக்கி நிழலில் உலர்த்து. முழங்கால், முன்விளிம்பு, தோள்பட்டை என்று தேய்கிற இடங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய். சமையல் செய்கிறவரின் புடவையில் கை துடைத்த கறை எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசி. வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம், இடக்கைக்காரருக்கு மறுபக்கம். எந்த சீனில் எந்தக் கறை இருந்தது என்று போட்டோ எடுத்துத் தேதி போட்டு வை; கன்டின்யூட்டி உன் தலையில்தான் விழும். ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள் இலையில் மிளகாய் வற்றலோ தக்காளியோ உருளைக்கிழங்கோ வைத்தால் மரியாதையாக எடுக்கச் சொல். மூன்றும் போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகு வந்தவை. நம்பி சாப்பிட்ட இலையில் மிளகுதான் காரம்.

லண்டன்காரர்களிடம் கற்றுக்கொள்ளக் கூடாதது ஒன்றும் உண்டு. ஆஸ்டின் கதைப் பெண்கள் உடுத்தும் மெல்லிய வெள்ளை மஸ்லின் மோஸ்தர் இந்தியத் தறிகளிலிருந்து போனது. நெய்தவனின் கை அந்தத் தொடர்களில் ஒரு ஃபிரேமில்கூட வராது. துணி துவைத்தது யார், தறியில் உட்கார்ந்தது யார் என்று மறந்துபோன சரித்திரத் தொடர் பழம்பெருமைக் கடைதான். காஞ்சிபுரத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு அந்தத் தப்பை நாம் செய்யக்கூடாது. உன் டைரக்டர் ஒத்துக்கொண்டால், ராஜாவின் பட்டு வருகிற சீனுக்கு முன்னால் தறிச் சத்தத்தையாவது கேட்க வை.

லண்டன்காரர்களில் சிலரே அந்த வழியை விட்டு விலகியிருக்கிறார்கள். 2013இல் சேனல் 4 'தி மில்' என்று ஒரு தொடர் எடுத்தது. இங்கிலாந்தின் செஷயரில் இருக்கும் குவாரி பேங்க் பஞ்சாலையில் 1830களில் வேலை செய்த பையன்கள், பெண்களின் கதை. எஸ்தர் பிரைஸ் என்ற பெண் தொழிலாளி நிஜமாகவே அந்த ஆலையின் ஆவணங்களில் இருப்பவர். விடுதியில் தங்கி, மணி அடித்ததும் எழுந்து, இயந்திரத்தோடு நின்றவர். பிபிசியின் 'கால் தி மிட்வைஃப்' 2012இலிருந்து ஓடுகிறது. 1950களில் கிழக்கு லண்டன் ஏழைகளுக்குப் பிரசவம் பார்த்த செவிலியர்களின் நீலச் சீருடையை மக்கள் டவுன்டன் கவுன் அளவுக்கு விரும்பினார்கள். மாளிகை இல்லாமலும் சரித்திரத் தொடர் ஓடும் என்று இரண்டும் காட்டிவிட்டன.

இங்கேதான் உனக்கு முக்கியமான வேலை காத்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் ஓடத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. கிராமத்திலிருந்து முதல்முறை வெளியே வந்து சம்பளம் வாங்கிய எத்தனையோ பெண்கள் அங்கே போன் பூட்டினார்கள். அது இப்போதே சரித்திரம். இன்னும் 20 வருடத்தில் யாரோ ஒருவர் அதைத் தொடராக எடுப்பார். அப்போது அந்தச் சீருடை எங்கே கிடைக்கும்? துணி அரதப்பழசாகித் தரை துடைக்கப் போயிருக்கும். அன்றைக்கு 'ஏதோ நீலக் கலர்' என்று தையல்காரர் உத்தேசமாகத் தைப்பார்.

வேலையை விடலாமா என்று கேட்டாயே. ஒப்பந்தத்தில் சம்பளத் தேதியும் ராத்திரி ஷூட்டிங் முடிந்தால் வீட்டுக்கு வண்டியும் எழுத்தில் இருந்தால் போ. வாய்ப்பேச்சாக இருந்தால் அவசரப்படாதே. சீரியல் நடுவில் நின்றால் உதவியாளருக்குத்தான் கடைசியில் பணம் வரும். எதற்கும் மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பு.

போனாலும் போகாவிட்டாலும் ஒன்று செய். உன் அறையில் இருக்கும் பெண்களிடமும், வேலையை விட்டு ஊருக்குப் போனவர்களிடமும் பழைய கம்பெனிச் சட்டை, ஓவர்கோட், தொப்பி, பின் போட்ட டேக் கயிறு எது கிடைத்தாலும் கேட்டு வாங்கு. துவைக்காமல், கறையோடு, வேப்பிலை போட்டு மடித்து வை. எந்த வருடம், என்ன வேலை, பெர்மனென்டா கான்ட்ராக்டா, எந்த ஷிஃப்ட் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வை. பெயர் எழுத அவர்கள் ஒத்துக்கொண்டால் மட்டும் எழுது. அடுத்த மாதம் நான் காஞ்சிபுரம் வரும்போது முதல் பெட்டியைக் காட்டு.

அன்புடன்,
அண்ணன்