நெடும்பயணத்துக்கு முன் பழைய வானின் குளிரூட்டும் தொகுதியைப் புதுப்பித்தல்

டிசெம்பர் விடுமுறை தொடங்கியதும் நமது நகரசபைப் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் மெல்பேணுக்கும் அடிலெயிட்டுக்கும் வானில் புறப்படுகின்றன. சிட்னியிலிருந்து அடிலெயிட் ஏறத்தாழ 1400 கிலோமீற்றர். புறப்படுமுன் ரயர், பிரேக், எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றைப் பெரும்பாலானோர் கவனிக்கின்றனர். குளிரூட்டும் தொகுதியைக் கவனிப்போர் குறைவு. "பிங்க் ஸ்லிப் கிடைத்துவிட்டதே" என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. அந்தப் பரிசோதனை வாகனத்தின் பாதுகாப்புக்கானது. ரேடியேற்றரின் அழுத்தத்தைச் சோதிப்பது அதன் நோக்கமன்று.

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய வான்களை, குறிப்பாக முன்னிருக்கைகளின் அடியில் எஞ்சின் அமைந்த ரொயோற்றா ஹைஏஸ் போன்றவற்றை மனத்திற் கொண்டு இப்பாடம் எழுதப்படுகிறது. இவ்வேலையைத் தாமே செய்ய விரும்புவோருக்கும், கராஜில் கொடுத்துச் செய்விப்போர் என்ன கேட்க வேண்டும் என்று அறிவதற்கும் இது உதவும். பயணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் நாள் மாலையில் செய்த வேலையின் குறை மறுநாள் நடுவழியில்தான் தெரியவரும்.

அழுத்தம் ஏன் முக்கியம்

நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். பாதி நீரும் பாதி கூலன்ற் செறிவும் கலந்த கலவை சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 106 பாகையிற் கொதிக்கிறது. ரேடியேற்றர் மூடி அக்கலவையை 0.9 பார் அளவு அழுத்தத்தில் அடைத்து வைக்கும்போது, கொதிநிலை 125 பாகையையும் கடந்துவிடுகிறது. கோடை வெயிலில் மேடேறும் எஞ்சினைக் காப்பது இந்த இடைவெளிதான். மூடியின் இறப்பர் வளையம் தேய்ந்தாலோ, ஊசிமுனையளவு கசிவு ஏற்பட்டாலோ அழுத்தம் நிற்காது. நகருக்குள் ஓடும்போது இக்குறை தெரியாது. நெடுஞ்சாலையில், முழுச்சுமையுடன், குளிர்சாதனமும் இயங்கும்போது வெளிப்படும்.

ஆகவே, போத்தலில் நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டு சமாளிப்பது பரிகாரமாகாது. குறைந்த நீர் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை காண்பதே முதல் வேலை.

முதலிற் கசிவைத் தேடுங்கள்

எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த பின்னரே மூடியைத் திறக்கவேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தம் நீங்கிய கணத்தில் உள்ளிருக்கும் நீர் கொதித்து முகத்திலும் கைகளிலும் பாயும். துணியைச் சுற்றித் திறப்பதும் பாதுகாப்பன்று.

அழுத்தச் சோதனைப் பம்பியை ரேடியேற்றரின் வாயிற் பொருத்தி, மூடியிற் குறித்துள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் விட்டுவையுங்கள். மானியின் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வானைப் பொறுத்தவரை எளிதிற் கண்ணிற் படாத இடங்கள் சில உள்ளன. பின்புற ஹீற்றர் உள்ள வான்களில் அதற்குச் செல்லும் உலோகக் குழாய்கள் தரைத்தகட்டின் அடியில் நீண்டு ஓடுகின்றன. சேறும் மழைநீரும் பட்டு அவை துருப்பிடிக்கும். தண்ணீர்ப் பம்பின் கீழே சிறு துளையொன்று உண்டு. அதிலிருந்து ஒழுகிக் காய்ந்த நிறக்கறை தெரிந்தால் பம்பின் உட்புறச் சீல் தேய்ந்துவிட்டது என்பது பொருள். ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் தொட்டி கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பாகியிருந்தால், இப்போது கசியாவிட்டாலும் அது நொறுங்கும் நிலையை நெருங்கிவிட்டது.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு துளி ஈரமும் இல்லை என்றால் ஹெட் கஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே மேற்புற ஹோஸ் கல்லைப்போல இறுகுவது, போத்தலில் இடைவிடாது குமிழிகள் எழுவது, எண்ணெய் பால்போல வெளுப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். எரிவாயு கலந்திருக்கிறதா என்பதை நிறம் மாறும் திரவத்தைக் கொண்டு மெக்கானிக் சோதித்துச் சொல்வார். கஸ்கட் பழுதாகியிருந்தால் மற்றப் பாகங்களுக்குச் செலவு செய்வதில் அப்போதைக்குப் பயனில்லை. பயணத்தை வேறு வாகனத்தில் வைத்துக்கொள்வதே புத்தி.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்

இதை என் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். அடிலெயிட்டில் ஒரு திருமணத்துக்குப் புறப்படுமுன் கராஜ் ஒன்றிற் புதிய ரேடியேற்றர் போட்டுக்கொண்டோம். பழைய ஹோஸ்கள் "இன்னும் ஓடும்" என்றார்கள்; நானும் தலையசைத்தேன். ஹேயைக் கடந்து பல்ரனால்ட் நோக்கிச் செல்கையில், எஞ்சினின் பின்புறம் மறைந்திருந்த கைநீளமேயான பழைய ஹோஸ் வெடித்தது. அவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நிழலுக்கு ஒதுங்க மரங்களும் அரிது. பழைய ரேடியேற்றர் மெல்லக் கசிந்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்ததால்தான் அந்த ஹோஸ் அதுவரை பிழைத்திருந்தது. புதியது முழு அழுத்தத்தையும் தாங்கி நின்றது. மிக நலிந்த உறுப்பு விட்டுக்கொடுத்தது. வானில் என் மாமியாரும் இரண்டு வயதுக் குழந்தையும் இருந்தனர். குடிக்க வைத்திருந்த நீரை எஞ்சினுக்கு ஊற்றலாமா என்று ஒரு கணம் எண்ணியதை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

எனவே ரேடியேற்றரைத் தொடுவோர் மேல், கீழ் ஹோஸ்கள், ஹீற்றர் ஹோஸ்கள், சிறிய பைபாஸ் ஹோஸ், அவற்றின் கிளிப்புகள், மூடி, தெர்மோஸ்டற், விசிறி பெல்ற் ஆகிய அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. இவற்றின் மொத்த விலை, அச்சாலையிலிருந்து ஊருக்கு வானை இழுத்துவரும் கூலிக்கு முன் சிறிது. மூடியில் அச்சிட்டுள்ள அழுத்த எண்ணுக்கு ஒத்த மூடியையே வாங்குங்கள். கூடிய எண் கொண்ட மூடி கூடுதல் பாதுகாப்புத் தரும் என்று எண்ணிப் போடுவது, முதிர்ந்த பாகங்களை வெடிக்கச் செய்யும்.

தெர்மோஸ்டற் புதியதாயினும் சோதித்துப் போடுங்கள். பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன் மேற் குறித்துள்ள வெப்பநிலையில், பெரும்பாலும் 82 பாகையளவில், திறக்கத் தொடங்கவேண்டும். 95 பாகையை அடையும்போது குறைந்தது 8 மில்லிமீற்றர் விரிந்திருக்க வேண்டும். சூட்டு நாட்டில் இது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. அப்படிச் செய்தால் எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாமல் எரிபொருளை வீணாக்கும். பொருத்தும்போது அதன் விளிம்பிலுள்ள அசையும் சிறு ஊசி மேற்புறமாக நிற்கவேண்டும். காற்று வெளியேறும் வழி அதுவே.

ரேடியேற்றரை மாற்றாதோர் அதன் தகட்டு இடுக்குகளில் அடைந்துள்ள பூச்சிகளையும் தூசியையும் நீக்கவேண்டும். தோட்டத்துக் குழாய் நீரைப் பின்புறமிருந்து முன்னோக்கி மெதுவாகப் பாய்ச்சுங்கள். உயரழுத்தக் கருவி தகடுகளை மடக்கிவிடும்.

வடித்தல், நிரப்புதல், காற்றை அகற்றுதல்

பழைய திரவத்தை வடிக்கும்போது வாளியில் ஏந்தி, எத்தனை லீற்றர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாகனக் கைநூலிற் சொல்லப்பட்ட கொள்ளளவுடன் ஒப்பிட்டால், எஞ்சினுள் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது புலப்படும். பின்னர் தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். கழுவிய நீரின் ஒரு பகுதி எஞ்சினுள் தங்கிவிடும். அதன்மேல் ஆயத்தக் கலவையை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். ஆகவே மொத்தக் கொள்ளளவிற் பாதியளவு செறிந்த கூலன்றை முதலில் ஊற்றி, மீதியைக் கனிமம் நீக்கிய நீரால் நிரப்புவதே முறை. வகையைக் கைநூலைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். நிறத்தை மட்டும் நம்பி வாங்கவேண்டாம். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கப்படுகின்றன.

வான்களில் மிகுந்த பொறுமை வேண்டிய கட்டம் காற்றை அகற்றுவதாகும். ஹீற்றர் குழாய்கள் நீண்டும் வளைந்தும் செல்வதால் காற்று அங்கே தங்கும். முன்சக்கரங்களைச் சாய்மேடையில் ஏற்றி, கைப்பிரேக்கிட்டுப் பின்சக்கரங்களுக்குத் தடை வையுங்கள். முன், பின் ஹீற்றர்களின் வெப்பக் கட்டுப்பாட்டை உச்சத்திற் திருப்பி, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எஞ்சினை மெதுவாக இயக்க, தெர்மோஸ்டற் திறந்ததும் மட்டம் சட்டென இறங்கும். மீண்டும் நிரப்பி மூடுங்கள். கீழ் ஹோஸும் சூடாகி, இரண்டு ஹீற்றர்களிலும் வெப்பக்காற்று வரவேண்டும். குளிர்ந்தபின் மறுபடி அளந்து பாருங்கள். பத்து லீற்றர் கொள்ளுமிடத்தில் ஏழுதான் சென்றதெனில், எஞ்சினுள் தங்கிய கழுவிய நீரைக் கழித்துப் பார்க்க மீதியாக நிற்பது காற்று.

சோதனை ஓட்டம்

அன்றாடம் கடைக்குச் சென்று வருவது சோதனையாகாது. பென்றித்திலிருந்து கற்றூம்பா வரை ஏறிப்பாருங்கள். அங்கே சாலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தை எட்டுகிறது. முள் வழமையான இடத்தில் நிற்கிறதா என்று மட்டுமன்றி, ஹீற்றரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முள் உயர்ந்திருக்கையில் ஹீற்றரிலிருந்து குளிர்காற்று வந்தால் நீர் குறைந்துவிட்டது. மிக ஆபத்தான நிலை இன்னொன்று உண்டு: நீர் முழுவதும் வெளியேறியபின் வெப்பமானி உணரி வெறும் காற்றில் நிற்பதால், முள் கீழே இறங்கி நம்மை ஏமாற்றக்கூடும். ஏறிய முள் காரணமின்றிச் சரிந்தால் உடனே ஒதுக்கி நிறுத்துங்கள். முள் ஏறத் தொடங்கும்போதே குளிர்சாதனத்தை நிறுத்தி, ஹீற்றரை உச்சத்தில் வைத்தால், பாதுகாப்பாக ஒதுங்கும்வரை எஞ்சினின் சூடு ஓரளவு தணியும். எஞ்சின் ஆறுமுன் குளிர்நீர் ஊற்றவேண்டாம், உலோகம் வெடிக்கும்.

குடிநீருக்குப் புறம்பாக 10 லீற்றர் நீரும், உதிரி மூடி, பெல்ற், இரண்டு கிளிப்புகளும் வானில் இருக்கட்டும். ஆளுக்கு எத்தனை லீற்றர் குடிநீர் என்று வீட்டிலேயே கணக்கிட்டு, அதை வேறாக வையுங்கள்.

பழைய கூலன்ற்

வடித்த திரவத்தை வீதியோர வடிகாலில் ஊற்றாதீர்கள். அது நேரே நமது ஓடைகளைச் சென்றடையும். நியூ சவுத் வேல்சில் அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. திறந்த வாளியை நாயோ சிறுபிள்ளையோ நாடக்கூடும். எவரேனும் விழுங்கிவிட்டால் அறிகுறிகளுக்குக் காத்திராமல் நஞ்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 என்ற எண்ணில் அழையுங்கள். நினைவிழந்தாலோ மூச்சுத் திணறினாலோ 000. மூடியிட்ட கொள்கலனில் அடைத்து, உள்ளே இருப்பது என்னவென்று எழுதி ஒட்டி, வீட்டு வேதிப்பொருட்கள் சேகரிக்கப்படும் நாளில் ஒப்படைக்கலாம். அடுத்த சேகரிப்பு நாளையும் இடத்தையும் நகரசபையிடம் தமிழிற் கேட்டறிய விரும்புவோர் 131 450 என்ற எண்ணை அழைத்து, "தமிழ்" என்று சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வழியாக நகரசபையுடன் இணைக்குமாறு கோருங்கள்.