வாளுக்கு மனம் பணியுமா?

கேள்வி: "மதங்கள் எல்லாமே வாளால் பரவியவைதானே?" என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்கிறான். என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது, அம்மா. ஞாயிற்றுக்கிழமை அவனைக் குன்றத்தூருக்கு அழைத்துப் போங்கள். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது.

சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய அப்பரைப் பல்லவ மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான்; நஞ்சு கொடுத்தான்; யானையை ஏவினான்; கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான் என்கிறார் சேக்கிழார். அப்பர் மனம் மாறவில்லை. மாறியவன் மன்னன்தான். பல்லாவரத்தில் குகைக்கோயில் குடைந்த முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கதையை அங்கே நிறுத்திவிடாதீர்கள். சைவனான பிறகு அந்த மன்னன் சமணப் பள்ளிகளை இடித்தான் என்றும் அதே நூல் சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாள் கட்டடத்தை இடிக்கும், தலையைக் குனியவைக்கும். நம்பிக்கையை விதைக்க அதனால் முடியாது. மனம் ஒன்றை ஏற்க அறிவுக்குப் பொருந்தும் காரணம் வேண்டும், அன்பு வேண்டும். எந்த மதத்தின் பெயரால் கை ஓங்கினாலும் அது தவறுதான். நம் மதமாக இருந்தாலும் தவறுதான் என்பதை முதலில் சொல்லுங்கள்.