வீட்டுக்குப் பாட்டரி வாங்குமுன் ஒரு வரவு-செலவுக் கணக்கு

கிராமங்களிலும் இன்வர்ட்டரும் பாட்டரியும் இல்லாத வீடுகள் குறைந்து வருகின்றன. சோலார் தகடு பொருத்த வருபவர்களில் சிலர், "கூடவே பாட்டரியும் போட்டுக் கொள்ளுங்கள், மின்கட்டணமே வராது, அரசு மானியமும் உண்டு" என்று சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் உழவர்கள் நகையை அடகு வைக்க நேரிடுகிறது. ஆகவே, கையெழுத்துப் போடுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொண்டு உட்காருங்கள்.

முதலில் உங்கள் மின்கட்டண அட்டையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு ரூ.235 ஆகும். அதாவது ஆண்டுக்கு ரூ.1,410. இதை முழுவதும் மிச்சப்படுத்தினாலும் மிச்சம் அவ்வளவுதான். 500 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு ரூ.1,805 வரும், அந்த வீட்டுக்காரர் சோலாரைப் பற்றி யோசிப்பதில் நியாயம் உண்டு. நீங்கள் இதில் எந்த வகை என்பதை அட்டையே சொல்லிவிடும்.

மானியம் எதற்கு, எதற்கு இல்லை

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில், வீட்டுக் கூரையில் 1 கிலோவாட் தகடு பொருத்தினால் ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம் உண்டு. பதிவு பெற்ற நிறுவனத்தின் மூலம் பொருத்தி, மின்வாரியம் பார்வையிட்டு இணைப்புக் கொடுத்த பிறகே பணம் வங்கிக் கணக்கில் சேரும். ஆகவே முதலில் முழுத்தொகைக்கும் நீங்கள் வழி செய்தாக வேண்டும். இந்த மானியம் தகட்டின் திறனைக் கணக்கிட்டுத் தரப்படுவது. பாட்டரி வைத்தாலும் வைக்காவிட்டாலும் தொகை ஒன்றே. பாட்டரிக்கென்று தனியாக ஒரு ரூபாயும் இல்லை. விலைப்பட்டியலில் "மானியம் போக" என்று ஒரே தொகையாக எழுதித் தந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். தகடு, இன்வர்ட்டர், பாட்டரி, பொருத்துகூலி என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

வரியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் தகட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், ஈய-அமிலப் பாட்டரிக்கு 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகவும் குறைந்தது. பழைய விலையிலேயே யாராவது கணக்குச் சொன்னால் இதைக் கேளுங்கள்.

கம்பியே கிடங்கு

மானியத் திட்டத்தில் பொருத்தும் தகடு மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. பகலில் வீட்டுச் செலவு போக மிஞ்சும் மின்சாரம் கம்பி வழியே வெளியே போகிறது. இரவில் நாம் கம்பியிலிருந்து எடுத்துக் கொள்கிறோம். இருவழி மீட்டர் போனதையும் வந்ததையும் கழித்துக் காட்டுகிறது. களத்து நெல்லை ஊர்க் கிடங்கில் போட்டுவிட்டு வேண்டும்போது எடுத்துக் கொள்வது போன்றதே இது. ஊர்க் கிடங்கு இருக்கும்போது சொந்தக் கிடங்கு கட்டுவதால் கட்டணத்தில் மிச்சம் ஏதும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையில் வீட்டுப் பாட்டரிக்கே விலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தள்ளுபடி தரும் திட்டம் தொடங்கியது. அங்கே பகலில் கம்பிக்கு அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது சொற்பம். மாலையில் வாங்கும் யூனிட்டின் விலையோ அதிகம். ஆகவே பகல் மின்சாரத்தைப் பிடித்து வைப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இருக்கிறது. அந்த ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவந்து காட்டுபவர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மின்தடை ஏற்பட்டால், பாட்டரி இல்லாத கம்பி இணைப்பு இன்வர்ட்டர் வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் பணியாளர் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தகடு போட்ட பிறகு, "மின்தடையில் வீடு இருட்டாகவே இருக்கிறதே" என்று ஏமாந்தவர்கள் உண்டு. ஆகவே பாட்டரி மின்தடைக்காக. கட்டணத்தைக் குறைப்பதற்காக அல்ல.

ஒரு யூனிட்டைச் சேமிக்க என்ன செலவு?

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி குழாய்த் தகட்டுப் பாட்டரி ஒன்றை எடுத்துக் கொள்வோம். 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஆனால் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் விரைவில் குறையும். எனவே பயன்படுவது 0.9 யூனிட்டே. விலை ரூ.15,000 என்றும், பழையதைத் திருப்பிக் கொடுக்கும்போது ரூ.3,000 கிடைக்கும் என்றும் வைத்துக் கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக் கொள்ளலாம். 1,500 முறை ஏற்றி இறக்கினால் மொத்தம் 1,350 யூனிட். ரூ.12,000-ஐ இதனால் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ ரூ.9. இது சேமிப்புக் கூலி மட்டுமே. மின்சாரத்தின் விலை தனி. மேலும், ஒரு யூனிட் திரும்பப் பெற ஏறத்தாழ 1.3 யூனிட் ஏற்ற வேண்டும்.

இதுவும் நாள்தோறும் பயன்படுத்தினால்தான். வாரம் இரண்டு முறை மின்தடை, ஒவ்வொரு முறையும் 0.3 யூனிட் செலவு என்றால், ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 150 யூனிட் மட்டுமே எடுத்திருப்பீர்கள். யூனிட் ரூ.80 ஆகிறது! பாட்டரியோ சும்மா இருந்தாலும் மூப்படையும். ஆகவே இதை மாதம் ரூ.200 கொடுத்து இருட்டைத் தவிர்க்கும் செலவாகக் கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கும், விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கறக்கும் வீட்டுக்கும், குஞ்சுக் கொட்டகைக்கு விளக்குச் சூடு தேவைப்படும் வீட்டுக்கும் அது தகுந்த செலவே. முதலீடு என்று மட்டும் யாரும் சொல்ல விடாதீர்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு விலை கூடுதல். ஆனால் 80 விழுக்காடு வரை இறக்கலாம், சில ஆயிரம் முறை தாங்கும், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. மின் இணைப்பே இல்லாத தோட்டத்து வீட்டில் தினமும் ஏற்றி இறக்குபவருக்கு இதுவே நாளடைவில் மலிவு. எப்போதாவது வரும் மின்தடைக்கு மட்டும் என்றால் அவ்வளவு பணத்தை முடக்குவது வீண் என்பது எமது கருத்து.

இன்வர்ட்டர் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். 12 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 17 யூனிட். 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீடு இதனாலேயே கட்டணம் கட்டும் வீடாகிவிடலாம்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

மின்தடையில் ஓட வேண்டியவற்றை எழுதுங்கள். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 180 வாட்-மணி. 75 வாட் மின்விசிறி இரண்டு, 6 மணி நேரம்: 900. தொலைக்காட்சி 60 வாட், 3 மணி நேரம்: 180. மொத்தம் 1,260. இன்வர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 1,480 வாட்-மணி ஆகும். இதற்கு மேற்சொன்ன பாட்டரி இரண்டு வேண்டும்.

இப்போது விசிறிகளை மட்டும் 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றிப் பாருங்கள். 900 என்பது 360 ஆகிறது. மொத்தம் 720, இழப்போடு 850. ஒரே பாட்டரி போதும்! இரண்டு விசிறிக்கு ஆகும் செலவு இரண்டாவது பாட்டரியின் விலையில் பாதிக்கும் குறைவே. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வாங்கவேண்டிய பாட்டரி ஒன்று குறைகிறது. பாட்டரி வாங்கக் கடைக்குப் போகுமுன் விசிறிக் கடைக்குப் போங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பம்ப்செட்டைப் பாட்டரியில் ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட நான்கு யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஐந்து பாட்டரி அடுக்கினாலும் ஒரு மணியோடு சரி. கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் வேறு பலமடங்கு. அதைவிட மேல்நிலைத் தொட்டி கட்டுங்கள். 10,000 லிட்டர் நீரை 30 மீட்டர் உயர்த்த, பம்பின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 1.8 யூனிட் ஆகிறது. அதாவது நிரம்பிய தொட்டி ஒன்று இரண்டு பாட்டரிக்குச் சமம். அதற்கு அமிலமும் இல்லை, ஐந்து ஆண்டு ஆயுளும் இல்லை. சோலார் பம்ப்செட்டுகள் பாட்டரி இல்லாமலே வருவதும் இதனால்தான்.

கட்டணமில்லாப் பம்ப்செட் இணைப்பிலிருந்து வீட்டுப் பாட்டரியை ஏற்றுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு ஆகும். அபராதம் பாட்டரி விலையை மிஞ்சிவிடும்.

புயல் பகுதி உழவர்களுக்கு

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது கம்பங்கள் சாய்ந்து, டெல்டாக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அங்கே சாதாரண இன்வர்ட்டர் பாட்டரி முதல் இரவோடு முடிந்துவிடும். ஏற்ற மின்சாரம் இல்லையே. கடற்கரை மாவட்டத்தவர் 100 முதல் 200 வாட் தகடு ஒன்றை, பாட்டரியைத் தனியே ஏற்றும்படி கட்டுப்படுத்தும் கருவியோடு வைத்துக் கொள்வது நலம். விளக்கும் கைப்பேசியும் அதில் நாள்தோறும் நடக்கும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தகட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கும்படியாகப் பொருத்துங்கள்.

பராமரிப்பு

ஈய-அமிலப் பாட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் அடுப்போ பீடியோ கூடாது. மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, வாலை வடிநீர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீரோ, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரோ ஊற்றினால் தகடு கெடும். முழுதும் ஏறிய நிலையில் அமில அடர்த்தி 1.240-க்கு அருகே இருக்க வேண்டும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால், உத்தரவாதக் காலம் முடியுமுன் கடைக்காரரிடம் எடுத்துச் செல்லுங்கள். வாங்கிய தேதி பதிந்த உத்தரவாத அட்டையைப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருப்பவருக்கே இது செல்லும்.

பழைய பாட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் போடாதீர்கள். அவர் அமிலத்தை வாய்க்காலில் கொட்டினால் ஈயம் உங்கள் மண்ணிலேயே தங்கும். 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே எடை போட்டுக் கொடுத்து, கழித்துக் கொண்ட தொகையை ரசீதில் எழுதி வாங்குங்கள்.