வீணைக்கு இடம் விடுங்கள்

தென்னூர் நண்பருக்கு,

நீங்கள் வீட்டிலேயே பதிவுசெய்து அனுப்பிய மோகன ராக இசையை ஹெட்போனிலும் போன் ஸ்பீக்கரிலும் கேட்டேன். மெட்டு அருமை. அதனால்தான் விரிவாக எழுதத் தோன்றுகிறது.

வீணை கேட்கவில்லை, வால்யூமைக் கூட்டினால் மற்றவை அமுங்குகின்றன என்கிறீர்கள். கூட்டாதீர்கள். மீட்டிய கணத்திலிருந்தே வீணையின் நாதம் தேயத் தொடங்கிவிடும். வயலினோ வில் ஓடும்வரை ஒலிக்கும், குழல் மூச்சு உள்ளவரை. மூன்றும் ஒரே ஸ்தாயியில் ஒரே மெட்டை வாசித்தால் வீணைதான் மூழ்கும். மிக்ஸிங்கில் இதைச் சரிசெய்ய முடியாது. வாசிப்பிலேயே பிரிக்க வேண்டும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து லால்குடியைத் தன் பெயரில் கொண்ட ஜெயராமன், 1966இல் என். ரமணியின் குழலையும் ஆர். வெங்கட்ராமனின் வீணையையும் தன் வயலினோடு சேர்த்து வேணு-வயலின்-வீணைக் கச்சேரிகளைத் தொடங்கினார். அவற்றின் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். ஒருவர் ஆலாபனை செய்ய மற்றவர் காத்திருப்பதைக் கவனியுங்கள். எல்லோரும் ஒருசேர வாசித்தே ஆகவேண்டும் என்றால் ஆளுக்கொரு வரி கொடுங்கள். 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பம் அதற்கு நல்ல பாடம்.

அடுத்து, அடித்தளம் கலங்கியிருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார், கீபோர்டு பேட் மூன்றும் ஒரே இடத்தில் முட்டுகின்றன. பேடை எடுத்துவிடுங்கள், இழப்பில்லை. தொப்பியில் கும்கி விழும் இடங்களில் பேஸ் ஓயட்டும். குழலுக்கும் வயலினுக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ கட் போடுங்கள். அங்கே அவற்றின் ஸ்வரம் எதுவும் கிடையாது, மின்விசிறி இரைச்சலும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும்தான். ரிவர்பைப் பாதியாகக் குறையுங்கள். வீணையின் கமகம் அதில் கரைந்துபோகிறது, கேட்கவே மனம் கஷ்டப்படுகிறது.

அமைப்பில் எனக்குள்ள பெரிய குறை, முதல் நொடியிலிருந்து கடைசிவரை எல்லோரும் வாசிக்கிறார்கள் என்பது. வீணை தனியாகத் தொடங்கட்டும். குழல் அதை வாங்கிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு மிருதங்கம் நுழைந்தால் அந்த நுழைவே ஒரு நிகழ்ச்சி. நடுவில் சில ஆவர்த்தனங்கள் மிருதங்கத்துக்கு மட்டும் விடுங்கள்.

முடிவில் ஃபேட் அவுட் வேண்டாம். இவ்வளவு நல்ல மிருதங்கக்காரர் உங்களோடு இருக்கிறார். மூன்று முறை வரும் ஒரு கோர்வை அமைத்துத் தரச் சொல்லுங்கள். மெட்டின் எடுப்பில் வந்து விழுந்து, எல்லா வாத்தியமும் அங்கேயே நிற்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்