அடுத்த வருஷம் வாடகை எவ்வளவு சார்?

போன ஜூன் மாதம் அண்ணன் மகளுக்கு வீடு பார்க்க நங்கநல்லூர் போயிருந்தேன். இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, 18,000 ரூபாய். அவள் குழாயைத் திறந்து பார்த்தாள், சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தடவினாள், மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் உண்டா என்று கேட்டாள். எல்லாம் திருப்தி. நான் மட்டும் கீழே இறங்கி, வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவரிடம் போனேன்.

"செகண்ட் ஃப்ளோர் வீடு எப்படிண்ணே?"

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "வீடு நல்ல வீடுதாங்க. வருஷத்துக்கு ஒரு குடும்பம் வரும். அடுத்த வருஷம் டாட்டா ஏஸ் வந்து நிக்கும்."

இதைவிட என்ன தகவல் வேண்டும்? வீடும் நன்றாக இருந்து, ஆளும் தங்கவில்லை என்றால் பதினோராவது மாதத்தில் ஓனர் ஏதோ ஒரு தொகையைச் சொல்லிக் கிளப்புகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். சமையல்காரம்மா, வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடும் பையன் யாரைக் கேட்டாலும் இது தெரிந்துவிடும். புரோக்கரைக் கேட்காதீர்கள். வருஷா வருஷம் ஆள் மாறினால் அவருக்குத்தான் கமிஷன்.

"பக்கத்துத் தெருவுல இதே மாதிரி வீடு இருபதாயிரம் சொல்றாங்க சித்தப்பா. இங்க ரெண்டாயிரம் மிச்சமாச்சே" என்றாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். 18,000 ரூபாய் வருஷம் 10 சதவீதம் ஏறினால் நாலாவது வருஷம் 23,958. 20,000 ரூபாய் 5 சதவீதம் ஏறினால் அதே நாலாவது வருஷம் 23,153. ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. நடுவில் ஒரே ஒரு முறை வீடு மாறினாலும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயிண்டிங் என்று அட்வான்ஸில் பிடிக்கும் இன்னொரு மாதம், லாரிக் கூலி. மிச்சம் எங்கே?

அதனால் வீட்டைப் பார்ப்பதில் பாதி நேரத்தை ஓனரைப் பார்ப்பதில் செலவிடுங்கள். கடனில் வாங்கிய புது ஃப்ளாட் என்றால் வங்கி வட்டி ஏறும்போதெல்லாம் அவர் கண் உங்கள் வாடகை மீது விழும். லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடங்களிலும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளிலும் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. கடன் எப்போதோ அடைந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஓனர்களை நிறையப் பேர் ஒதுக்குகிறார்கள். என் அனுபவத்தில், ஒழுங்காக வாடகை போட்டு, சின்ன ரிப்பேருக்கெல்லாம் போன் பண்ணாத ஆளை அவர்கள் ஐந்நூறு ரூபாய்க்காக இழக்க விரும்புவதில்லை. ஆனால் "விற்கப் போறீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வாடகையே ஏற்றாத ஒரு ஓனர் ஒன்றரை வருஷத்தில் வீட்டை விற்று, எங்களை ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னதுண்டு.

இடமும் முக்கியம். மெட்ரோ இரண்டாம் கட்டம் போகும் வளசரவாக்கம், போரூர், மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு எடுத்தால், ரயில் ஓட ஆரம்பித்த வருஷம் பேச்சு மாறும் என்று எதிர்பாருங்கள். ஓ.எம்.ஆர். வாடகை ஐ.டி. கம்பெனிகளின் மூடுக்குத் தகுந்தபடி ஆடும். கொரோனாவில் சரிந்தது, ஆபீஸ் திறந்ததும் எகிறியது. சம்பளமும் அப்படி ஏறுகிறவர்கள் அங்கே இருக்கட்டும்.

இனி ஒப்பந்தம். சென்னையில் ஓடும் மாதிரிப் பத்திரங்களில் "பரஸ்பர சம்மதத்தின் பேரில் வாடகை உயர்த்தப்படும்" என்று ஒரு வரி இருக்கும். கேட்க நாகரிகமாக இருக்கிறது. நடைமுறையில் ஓனர் சொல்வதுதான் சம்மதம். அதை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வாடகைதாரர் விரும்பினால் ஒப்பந்தம் மேலும் இரண்டு முறை புதுப்பிக்கப்படும்; ஒவ்வொரு முறையும் அப்போதைய வாடகையில் 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தப்படாது; உயர்வை மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும்." புதுப்பிக்கும் உரிமையைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் எழுதினால் பதினோரு மாதத்தோடு அதற்கு ஆயுசு முடிந்தது. ஐந்து கிடைக்காவிட்டால் ஏழு வரை நான் இறங்குவேன், அதற்கு மேல் மாட்டேன்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய நில உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இத்தனை சதவீதம்தான் ஏற்றலாம் என்று அது உச்சவரம்பு வைக்கவில்லை. ஒப்பந்தத்தில் உள்ளபடி ஏற்றிக்கொள்ளுங்கள் என்கிறது. அதனால்தான் அந்த ஒரு வரிக்காக இவ்வளவு சண்டை போடச் சொல்கிறேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்கவும் வேண்டும். 11 மாதத்துக்குத்தானே, பதிவு எதற்கு என்று ஓனர் சொல்வார். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் ஆபீஸில் பதிய வேண்டும் என்பது வேறு விஷயம். அதைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதப் பழக்கமே வந்தது. வாடகை அதிகாரியிடம் பதிவது தனி, அது 11 மாதத்துக்கும் உண்டு, ஆன்லைனிலேயே செய்யலாம். பதியாத பத்திரத்தை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள்.

வாடகை ஏறாமலே செலவு ஏறும் வழியும் இருக்கிறது: மெயின்டனன்ஸ். "எல்லாம் சேர்த்து 22,000" என்றால் பிரித்து எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மெயின்டனன்ஸுக்கும் சேர்த்து 5 சதவீதம் கட்டுவீர்கள். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ஈ.பி.க்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்றும் பாருங்கள். சொத்து வரியைக் காரணம் காட்டுவதும் உண்டு. 2022-இல் சென்னை மாநகராட்சி வீட்டின் பரப்பையும் பகுதியையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை வரியைக் கூட்டியது உண்மைதான். ஆனால் அது அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுகிற தொகை. ரசீதைப் பார்த்து, கூடின தொகையை ஆறால் வகுத்து, மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் ஓனரே சிரித்துவிடுவார்.

இதையெல்லாம் எந்த ஓனர் ஒத்துக்கொள்வார்? மே மாதம் ஒத்துக்கொள்ள மாட்டார். ஸ்கூல் திறப்பதற்குள் வீடு தேடி ஊரே அலையும், வாசலில் மூன்று பேர் நிற்பார்கள். ஆனி கடைசி வாரம் போங்கள். ஆடியில் யாரும் குடி வரமாட்டார்கள், இப்போது விட்டால் ஆவணி வரை வீடு பூட்டிக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த இருபதாயிரம் ரூபாய் வீட்டின் ஓனர், ரிட்டயரான வாத்தியார், அப்படித்தான் 5 சதவீத வரியில் கையெழுத்துப் போட்டார். ஆடியிலா சாமான் ஏற்றுவது என்று அண்ணி இழுத்தார். ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்து அங்கே பாலை மட்டும் காய்ச்சிவிட்டு வந்தோம். பீரோவும் கட்டிலும் ஆடியில் மெதுவாகப் போய்ச் சேர்ந்தன.